கிழக்குத் தெரு குடும்பம் (வாட்ஸ்அப் குழு): செப்டம்பர் 8 முதல் 10 வரை

8 செப்டம்பர் 2025, திங்கள்

பிற்பகல் 1:38

பிரின்ஸ்: ஜெருசலேம்ல பஸ் ஸ்டாப்புல சுட்டுட்டானுவ. டிவில ஓடுது

பிரின்ஸ்: ஸ்டெல்லாக்கா எங்க இருக்கீங்க

பிரின்ஸ்: (காணொளி)

சகாய மைனி: மாதாவே. எந்த இடம்?

பிரின்ஸ்: ராமோத் ஜங்ஷன்னு போடுறான்

ஜெசி: அவ இருக்கதே ராமோத்லதானே

ஜெசி: அடிச்சுப் பாக்கேன். ரிங் போவுது, எடுக்கல

சேவியர் (தோஹா): நானும் மூணு தடவ அடிச்சேன்

ஜெசி: அம்மாகிட்ட யாரும் சொல்லிராதீங்க. மாதா திருநாள் பூசைக்குப் போயிட்டு இப்பதான் வந்து உக்காந்திருக்காங்க

லூர்து மாமா: பதற வேண்டாம். அங்கே இப்போது காலை 11 மணி. அவள் வேலைக்கு நின்று பார்த்துக்கொள்ளும் பாட்டியைக் குளிப்பாட்டுகிற நேரம். கையில் ஃபோன் இருக்காது.

பிற்பகல் 1:55

ஸ்டெல்லா: நல்லா இருக்கேன். வீட்டுலதான் இருக்கேன்

ஸ்டெல்லா: ஃபோன் எடுக்க முடியல. சவ்தா கை நடுங்கிட்டு, அவங்க பேரப்பிள்ளைங்களுக்கு நான்தான் நம்பர் போட்டுக் குடுத்துட்டு இருந்தேன்

சேவியர் (தோஹா): ஸ்தோத்திரம்

சகாய மைனி: 🙏🙏

ஜெசி: உயிரு வந்துச்சுட்டி. சவ்தான்னா பாட்டிதானே?

ஸ்டெல்லா: ஆமா, எபிரேயத்துல. இங்க ஒண்ணு நடந்தா ரேடியோக்காரன் விவரம் சொல்றதுக்குள்ள எல்லாரும் ஃபோனைத்தான் எடுப்பாங்க. ஒரே கேள்வி, "எங்க இருக்க?" பதில் வந்ததும் வச்சிட்டு அடுத்த ஆளு. சவ்தாவுக்கு ஏழு பேரப்பிள்ளைங்க. ஆறு பேரு எடுத்தாச்சு. ஏழாவது பையன் எடுக்க இருவது நிமிசம் ஆச்சு. அதுவரைக்கும் ஒரு கால்ல சாக்ஸ், ஒரு கால் வெறுங்கால். என்னை விடவே இல்ல

ஸ்டெல்லா: "பிகுவா, பிகுவா"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. இந்த மாதிரித் தாக்குதலுக்கு இங்க அந்த ஒரே வார்த்தைதான். வந்த புதுசுல நான் படிச்ச முதல் பத்து வார்த்தையில அதுவும் ஒண்ணு

ஜெசி: அந்த பஸ் ஸ்டாப்பு உனக்குத் தெரியுமா

ஸ்டெல்லா: போன வெள்ளிக்கிழமை அங்கதான் நின்னேன். லீவுக்கு அந்த ஸ்டாப்புலதான் ஏறுவேன். ஒரு சின்ன நிழற்குடை, நாலு பேரு உக்காரலாம்

லூர்து மாமா: பிரின்ஸ், நீ போட்ட காணொளியை அழித்துவிடு. அதில் பஸ் எரிகிறது. இன்று எந்த பஸ்ஸும் எரியவில்லை. எங்கேயோ எப்போதோ எடுத்ததை இன்றைய தேதி போட்டு விட்டிருக்கிறார்கள்.

பிரின்ஸ்: எனக்கு வந்தத அப்படியே அனுப்பிட்டேன் மாமா

லூர்து மாமா: ஸ்டெல்லா அந்த ஊரில் இருக்கிறாள். உன் அம்மாவும் பெரியம்மாவும் இதைப் பார்ப்பார்கள். எரிகிற பஸ்ஸில் தன் பிள்ளையைத்தான் தேடுவார்கள்.

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

மாலை 5:10

அம்மா: என்கிட்ட மறச்சா எனக்குத் தெரியாதா. கோயில்ல எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்காவ

ஸ்டெல்லா: அம்மா எனக்கு ஒண்ணும் இல்ல. இப்பதான் சாப்பிட்டேன்

அம்மா: வெளிய போவாத மக்களே

ஸ்டெல்லா: ரெண்டு நாளைக்குப் போக மாட்டேன்மா

பிரின்ஸ்: 6 பேரு செத்துட்டாங்களாம் அக்கா. சுட்ட ரெண்டு பேரையும் அங்கயே போட்டுட்டாங்க

ஸ்டெல்லா: ஆமா. கார்ல வந்து இறங்கி, ஸ்டாப்புல நின்னவங்களயும் பஸ்ஸுல இருந்தவங்களயும் சுட்டுருக்கானுங்க. ஒரு சிப்பாயும், துப்பாக்கி வச்சிருந்த சாதாரண ஆளு ஒருத்தரும் திருப்பிச் சுட்டுட்டாங்க. அவனுங்க கையில இருந்தது பட்டறையில செய்யுற துப்பாக்கி. இங்க "கார்லோ"ம்பாங்க. பாலஸ்தீனருங்க இருக்க வெஸ்ட் பேங்க்ல தண்ணிக் குழாயும் உதிரிச் சாமானும் வச்சே செஞ்சிருவாங்களாம்

பிரின்ஸ்: அவ்ளோ பெரிய நாடு, அவ்ளோ கேமரா, மொசாட். பஸ் ஸ்டாப்பக் காப்பாத்த முடியலியா?

ஸ்டெல்லா: இங்க பஸ் நிலையத்துக்குள்ள போனா பையைத் திறந்து காட்டணும். மால் வாசல்லயும் காவல் நிப்பான். பதினெட்டு வயசுப் பிள்ளைங்க தோள்ல துப்பாக்கியோட பஸ்ல தூங்கிட்டுப் போவாங்க. 2023 அக்டோபர்ல காசாவுல இருந்து ஹமாஸ் வந்து தாக்குனதுக்கு அப்புறம் பொதுமக்களுக்கும் லைசென்ஸ் சுளுவாக் குடுக்காங்க. என் லிஃப்ட்ல ஏறுற ஆளுங்கள்ல ரெண்டு பேரு இடுப்புல எப்பவும் இருக்கும். ஆனா பஸ் ஸ்டாப்புக்கு வாசலே கிடையாதுல்ல. எங்க நின்னு சோதிப்ப?

சேவியர் (தோஹா): ராக்கெட் வந்தாத்தான் அத வானத்துலயே அடிக்க அயன் டோம் இருக்கு

ஸ்டெல்லா: ஆமாண்ணே. ராக்கெட்டுக்குன்னா சைரன் இருக்கு. ஜெருசலேம்ல ஒன்றரை நிமிசம் கிடைக்கும். அஷ்கெலோன்ல 30 செகண்டு, காசாவ ஒட்டி ஸ்தெரோத் பக்கம் 15 செகண்டுதான். ரோட்டுல நிக்கவன் துப்பாக்கிய எடுக்குறதுக்கு யாரு சைரன் ஊதுவா

இரவு 8:25

லூர்து மாமா: சுட்டவர்கள் வந்த ஊர்களின் பெயர்களைப் பார்த்தேன். குபைபா, கத்தன்னா. ஜெருசலேமுக்கு வடமேற்கே, ராமோத்துக்குப் பக்கத்து ஊர்கள். அக்கா, குபைபா எந்த ஊர் தெரியுமா? உயிர்த்த ஆண்டவர் இரண்டு சீடரோடு வழிநடந்து, அப்பம் பிட்ட எம்மாவு. எம்மாவு எது என்று மூன்று நான்கு இடங்கள் சொல்வார்கள். அதில் இது ஒன்று. பிரான்சிஸ்கன் சபைக் கோயில் இருக்கிறது.

அம்மா: எம்மாவா?

லூர்து மாமா: ஆமாம் அக்கா. அங்கே கன்னியர்கள் நடத்தும் முதியோர் இல்லமும் உண்டு. கவனிக்க ஆளில்லாத பாலஸ்தீனக் கிழவிகளை வைத்துப் பார்க்கிறார்கள். நர்சிங் படிப்பும் நடக்கிறது, பெத்லகேம் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. ஸ்டெல்லா செய்கிற அதே வேலையைத்தான் அந்தப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இன்று மாலை முதல் அந்த ஊர்களை ராணுவம் சுற்றி வளைத்திருக்கிறது.

பிரின்ஸ்: வளைக்காம என்ன செய்வாங்க மாமா? கொலகாரன் வந்த ஊருல தேடித்தானே ஆவணும்

லூர்து மாமா: தேட வேண்டும். துப்பாக்கி கொடுத்தவன், கார் ஓட்டியவன் எல்லாரையும் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே அதோடு நிற்பதில்லை. சுட்டவனுடைய வீட்டை இடிப்பார்கள். அதில் அவன் தாயும் தம்பி தங்கைகளும் இருப்பார்கள். 2005இல் ராணுவமே ஒரு குழு போட்டு ஆராய்ந்து, இதனால் பலன் இல்லை, பகைதான் வளர்கிறது என்று நிறுத்தியது. 2014இல் திரும்பத் தொடங்கிவிட்டார்கள்.

பிரின்ஸ்: நீங்க எப்பவும் அவனுங்க பக்கந்தான்

லூர்து மாமா: பஸ்ஸுக்காக நின்றவனைச் சுட்டவன் கொலைகாரன். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. 2002 மார்ச் 27 அன்று நெதன்யா நகரில் பாஸ்கா விருந்துக்கு உட்கார்ந்திருந்தவர்கள் நடுவே ஒருவன் வெடித்தான். 30 பேர். வயதானவர்கள்தான் அதிகம். அதற்குப் பிறகுதான் வெஸ்ட் பேங்கைப் பிரிக்கும் அந்தச் சுவர் எழுந்தது. அவர்கள் பயம் பொய் என்று நான் சொல்லவே இல்லை.

லூர்து மாமா: ஆனால் தற்கொலைக் குண்டு எப்போது தொடர்கதை ஆனது என்று நீ தேடிப் பார். 1994 பிப்ரவரி 25. வெஸ்ட் பேங்கின் ஹெப்ரோன் இப்ராஹிமி மசூதியில், ரமலான் மாதத் தொழுகையில் குனிந்திருந்தவர்களை ஒரு யூதக் குடியேறி முதுகில் சுட்டான். 29 பேர். அவன் ஒரு டாக்டர். நாற்பது நாள் கழித்து இஸ்ரேலின் அஃபுலாவில் பஸ் பக்கத்தில் தற்கொலைக் கார் குண்டு வெடித்து ஹமாஸ் பதில் சொன்னது, 8 பேர். மறு வருடம் நவம்பரில், பாலஸ்தீனரோடு சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்ட இஸ்ரேல் பிரதமர் ராபினைக் கொன்றவன் அரபியா? யூதன்.

பிரின்ஸ்: அது எனக்குத் தெரியாது

சேவியர் (தோஹா): எனக்கும் தெரியாது மாமா

ஜெசி: மாமா அந்தச் சுவரப் பாத்துருக்காங்கல்லா, புனிதப் பயணம் போனப்ப

லூர்து மாமா: 2018இல். பெத்லகேமுக்குப் போகும் வழியில். எட்டு மீட்டர் கான்கிரீட். நம் கோயில் கோபுரத்தில் பாதி வரும். எங்கள் பஸ் நிற்கவே இல்லை, கையசைத்து விட்டுவிட்டார்கள். திரும்பி வரும்போது ஒரு பெண் சிப்பாய் ஏறினாள், நாங்கள் பாஸ்போர்ட்டை உயர்த்திப் பிடித்தோம், இறங்கிவிட்டாள். ஒரு நிமிடம். ஓட்டலில் டீ ஊற்றிய பையன் சொன்னான், அவன் அப்பா அதே சுவருக்கு இன்னொரு வாசலில் ராத்திரி மூன்று மணிக்குப் போய் வரிசையில் நிற்பாராம், ஜெருசலேமில் கொத்தனார் வேலைக்கு. கம்பிக் கூண்டுக்குள் ஆயிரக்கணக்கான ஆட்கள், நெஞ்சோடு நெஞ்சு. ஏழு மணிக்கு வேலையில் இருக்க வேண்டுமே.

சகாய மைனி: அந்த வரிசை இப்பவும் உண்டா?

ஸ்டெல்லா: இல்ல மைனி. 2023 அக்டோபர் 7க்கு அப்புறம் வெஸ்ட் பேங்க் ஆளுங்க பெரும்பாலானவங்களோட வேலை அனுமதிய நிறுத்திட்டாங்க. ஒரு லட்சத்துக்கும் மேல. அந்தக் கட்டட வேலைக்குத்தான் நம்ம நாட்டுல அரியானாவுலயும் உத்தரப்பிரதேசத்துலயும் ஆள் எடுத்தாங்க, 2024 ஜனவரில. எங்க பக்கத்துக் கட்டடத்துல இப்ப இந்திதான் கேக்கு

9 செப்டம்பர், செவ்வாய்

மாலை 6:34

சகாய மைனி: ஏங்க ஃபோன எடுங்க

சகாய மைனி: தோஹாவுல குண்டு போட்டுருக்காங்கன்னு டிவில வருது

ஜெசி: தோஹாவுலயா?? தப்பாப் போடுறானோ

பிரின்ஸ்: இல்ல நெசந்தான். இஸ்ரேல் விமானம். ஹமாஸ் தலைவருங்க இருந்த வீடாம்

ஸ்டெல்லா: அண்ணே

ஸ்டெல்லா: சேவியர் அண்ணே

அம்மா: ஜெபமாலை தொடங்கிட்டோம். யாராவது தகவல் சொல்லுங்க

மாலை 6:52

சேவியர் (தோஹா): இருக்கேன். மொட்டமாடியில இருந்து இறங்கி வந்துட்டேன்

சகாய மைனி: எத்தன தடவ அடிச்சேன்

சேவியர் (தோஹா): லைன் கிடைக்கல. ஏசி சில்லர் பக்கம் நின்னேன், சர்வீஸ். முதல்ல தரை அதிர்ந்துச்சு, பெறவு சத்தம். அடுத்தடுத்து. சிலிண்டர் வெடிச்சிருக்குன்னுதான் நெனச்சோம். நேப்பாளிப் பையன் ஸ்பேனரக் கீழ போட்டுட்டு என் சட்டையப் பிடிச்சிட்டான். வடக்க பாத்தா கறுப்புப் புகை. பெட்ரோல் பங்க் பக்கம், வீடுகளும் பிள்ளைங்க பள்ளிக்கூடமும் உள்ள இடம்

சேவியர் (தோஹா): ஜூன்ல ஈரான் அல் உதெய்து தளத்துக்கு ஏவுகணை விட்டப்பவும் இங்கதான் இருந்தேன். அது அமெரிக்காக்காரன் தளம், வானத்துலயே தடுத்தாங்க, நாங்க நின்னு வேடிக்கை பாத்தோம். இன்னைக்கு அப்படி இல்ல

ஸ்டெல்லா: நேத்து நீங்க எனக்கு அடிச்சீங்க, இன்னைக்கு நான் உங்களுக்கு. கை நடுங்குது அண்ணே

அம்மா: ரெண்டு பிள்ளையயும் பொழைக்க அனுப்புனேன். நேத்து ஒண்ணு இன்னைக்கு ஒண்ணு

இரவு 9:40

லூர்து மாமா: நெதன்யாஹு அலுவலகம் முழுப் பொறுப்பும் ஏற்றுவிட்டது. நேற்று ஜெருசலேமில் நடந்ததும், காசாவில் அதே நாளில் 4 வீரர்கள் இறந்ததும்தான் காரணம் என்கிறார்கள். ஜெருசலேம் சூட்டுக்கு ஹமாஸும் இன்று உரிமை கொண்டாடியிருக்கிறது.

பிரின்ஸ்: அப்ப சரியாத்தானே அடிச்சிருக்காங்க? உத்தரவு போட்டவன் தோஹாவுல ஏசி ரூம்ல இருக்கான்

சேவியர் (தோஹா): லே பிரின்ஸ், அந்த ஏசிய சரி பண்ணப் போறவன் நான்

சேவியர் (தோஹா): கோவமா சொல்லல மக்கா. ஆனா யோசி. இங்க ஹமாஸ் அலுவலகம் 2012ல இருந்து இருக்கு. அமெரிக்காவே கேட்டுத்தான் கத்தார் வச்சிருக்கு, பேசுறதுக்கு ஒரு வாசல் வேணும்னு. 2023 நவம்பர்ல 105 பணயக்கைதிங்க வெளிய வந்தது இந்த வழியாத்தான். இன்னைக்கும் அவங்க உக்காந்து பேசிட்டு இருந்தது அமெரிக்கா குடுத்த போர்நிறுத்தத் தாளப் பத்தித்தானாம்

ஸ்டெல்லா: இங்க இன்னும் 48 பேரு திரும்பல. அதுல 20 பேருக்குத்தான் உயிரு இருக்கும்னு சொல்றாங்க. எங்க மாடிப்படிக் கம்பியில அவங்களுக்காக மஞ்சள் ரிப்பன் கட்டி வெயில்ல வெளுத்தே போச்சு. பேச்சுவார்த்தை செத்துச்சுன்னா எங்க பிள்ளையும் செத்தான்னு அந்தக் குடும்பத்துக்காரங்க ராத்திரி டிவில அழுதாங்க. சவ்தா சத்தத்தக் குறைக்கச் சொல்லிட்டாங்க

சேவியர் (தோஹா): எங்க போர்மேன் பாலஸ்தீனக்காரர். குவைத்துல பொறந்தவர், பூர்வீகம் காசா நகரம். இன்னைக்குக் காலையில அந்த நகரம் மொத்தத்தயும் காலி பண்ணச் சொல்லி விமானத்துல இருந்து தாள் போட்டாங்களாம். அவரோட தங்கச்சி அங்க இருக்கு. ஏழாவது தடவ சாமான் கட்டுது. அத எனக்குக் காட்டிட்டு இருந்தாரு, மதியச் சாப்பாட்டு நேரம். தெக்க அல் மவாசிக்குப் போகச் சொல்றாங்க, லாரி வாடகைக்குப் பணம் இல்ல. மூணே முக்காலுக்கு இங்க குண்டு விழுந்துச்சு. மனுசன் ஒரு வார்த்தை பேசல. புகையப் பாத்துட்டு, எங்க எல்லாரயும் எண்ணுனாரு. ஒண்ணு ரெண்டு மூணுன்னு. பதினாலு பேரும் இருக்கோமான்னு ரெண்டு தடவ எண்ணிட்டுத்தான் கீழ இறங்குனாரு

அம்மா: அந்தப் பிள்ளைக்குக் கைக்குழந்தை உண்டா

சேவியர் (தோஹா): மூணு பிள்ளைங்கம்மா

பிரின்ஸ்: காசா நகரத்துல எவ்ளோ பேரு மாமா

லூர்து மாமா: பத்து லட்சம் அளவுக்கு. ஆகஸ்ட் 22 அன்றுதான் அங்கே பஞ்சம் என்று ஐ.நா. சார்ந்த நிபுணர் குழு அறிவித்தது. இந்தப் போரில் இறந்தவர்கள் 64,000ஐத் தாண்டிவிட்டதாகக் காசா சுகாதார அமைச்சகம் சொல்கிறது. 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேல் பக்கம் சுமார் 1,200 பேர், பிடித்துப்போனது 251 பேர். அதையும் மறக்கவில்லை. இசை விழாவுக்குப் போன பிள்ளைகள் மட்டும் முந்நூறுக்கும் மேல். தோட்ட வேலைக்கு வந்த தாய்லாந்துக்காரர்களும் செத்தார்கள்.

ஸ்டெல்லா: காசா எல்லையில உள்ள வேலி பத்தி ஒண்ணு சொல்லுதேன். 2021 டிசம்பர்லதான் கட்டி முடிச்சாங்க, 65 கிலோமீட்டர். மண்ணுக்கு அடியில சென்சார், மேல கேமரா, ஆளில்லாம சுடுற துப்பாக்கி. ஒரே காலையில புல்டோசர் வச்சுப் பிச்சிட்டானுங்க, கேமராவ ட்ரோனால அடிச்சானுங்க. அத முன்னாடியே பாத்துச் சொன்னது யாரு தெரியுமா? ராணுவத்துல கேமராத் திரையப் பாத்துட்டே உக்காந்திருக்க இருவது வயசுப் பொம்பளப் பிள்ளைங்க. வேலிக்கு அந்தப் பக்கம் என்னமோ ஒத்திகை நடக்குன்னு மாசக்கணக்காச் சொல்லிருக்கு. மேல உள்ளவங்க காதுல போட்டுக்கல. எல்லையில இருக்க நஹல் ஓஸ் ராணுவ முகாம்ல அந்தப் பிள்ளைங்க பல பேரு செத்துட்டு. கருவி பாத்துச்சு, பிள்ளைங்களும் பாத்துச்சு. கேக்கத்தான் ஆளில்ல

ஜெசி: இது நீ இதுக்கு முன்னாடி சொன்னதே இல்லட்டி

ஸ்டெல்லா: சவ்தாவோட கூட்டாளி பேத்தி ஒண்ணு அந்த வேலைதான் பாத்துச்சு, வேற முகாம்ல. அந்தப் பிள்ளை வந்தா இப்பவும் கதவுக்கு முதுகு காட்டி உக்காராது

10 செப்டம்பர், புதன்

காலை 10:15

அம்மா: ராத்திரி தூங்கல. ஸ்டெல்லா நீ வந்துரு. கடன அடைச்சுக்கலாம்

சகாய மைனி: மாமி சொல்றது சரிதான் ஸ்டெல்லா. இங்க ஆஸ்பத்திரியில கிடைக்கது கிடைக்கட்டும்

ஸ்டெல்லா: அம்மா கேளுங்க. எங்க கட்டடம் பழசு. 1990கள்ல இருந்து கட்டுன வீட்டுலதான் மமாத்துன்னு கான்கிரீட் அறை உள்ளுக்குள்ளயே இருக்கும், சதாம் உசேன் ஸ்கட் விட்டதுக்குப் பெறவு வந்த சட்டம். எங்களுக்கு அது கிடையாது. பதுங்குற இடம் கீழ் மாடியில. சவ்தாவுக்கு 88 வயசு, படி இறங்க ஆறு நிமிசம் ஆவும். ஏமன்ல இருந்து ஹூதி ஏவுகணை வந்தா ஃபோன்ல முன்னாலயே தகவல் வரும், அப்படியும் நாங்க இறங்குறதில்ல. படிக்கட்டுல ரெண்டு சுவருக்கு நடுவுல நாற்காலி போட்டு உக்கார வச்சு, முன்னால நான் உக்காந்துருவேன். நான் வந்துட்டா அந்த நாற்காலிய யாரு தூக்கிப் போடுவா

ஜெசி: 2021ல அஷ்கெலோன்ல செத்த இடுக்கிக்காரி சேச்சியும் இப்படித்தானே. வீட்டுக்காரர்கூட வீடியோ கால்ல பேசிட்டு இருக்கும்போதே

ஸ்டெல்லா: தெரியும். அம்மாவுக்கு முன்னால அத ஏன் எழுதுத

ஜெசி: மன்னிச்சிரு

அம்மா: எனக்கு அதுவும் தெரியும். கேரளாக்காரி படத்த நான் வெட்டி வச்சு ஜெபிச்சிருக்கேன்

பிற்பகல் 4:20

லூர்து மாமா: தோஹாவில் இறந்தது 6 பேர் என்று உறுதியாகிவிட்டது. பெரிய தலைவர்கள் தப்பிவிட்டதாக ஹமாஸ் சொல்கிறது. இறந்ததில் ஒருவர் கத்தார் நாட்டுப் பாதுகாப்பு வீரர். இன்னொருவர் பேச்சுவார்த்தை நடத்தும் தலைவருடைய மகன்.

அம்மா: அங்கயும் ஆறா

பிரின்ஸ்: மாமா நேத்து நான் பேசுனது... சேவியர் அண்ணன் அங்க இருக்கது அப்ப மனசுல வரல

சேவியர் (தோஹா): விடுலே. நீ எனக்கு அடிச்ச கால் 11 இருக்கு

லூர்து மாமா: பிரின்ஸ், நீ கேட்ட கேள்வி தப்பில்லை. உத்தரவு போட்டவனை என்ன செய்வது என்று யாராவது கேட்கத்தான் வேண்டும். நான் கேட்பது அதற்கு அடுத்த கேள்வி. குபைபாவையும் கத்தன்னாவையும் சேர்ந்தவர்களின் வேலை, நுழைவு அனுமதிகள் 750 ரத்து என்று பாதுகாப்பு அமைச்சர் அறிவித்திருக்கிறார். சுட்ட இரண்டு பேரும் அங்கேயே செத்துவிட்டார்கள். 750 பேர் என்ன செய்தார்கள்?

பிரின்ஸ்: ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டாங்க

ஸ்டெல்லா: அதுல ஒருத்தரோட வீட்ட எனக்குத் தெரியும் மாமா. எங்க மருந்துக்கடையில இருக்க பையன் அரபி, ஜெருசலேம் பெயித் ஹனினாக்காரன், ஜெருசலேம்ல குடியிருக்க அட்டை உண்டு. சவ்தாவோட மாத்திரைய அவன்தான் காலை மதியம் ராத்திரின்னு டப்பாவுல பிரிச்சுக் குடுப்பான். அவங்க அம்மா கத்தன்னால அண்ணன் வீட்டுல. அண்ணனுக்குத்தான் அனுமதி போச்சு. அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் இவன்தான் வாரா வாரம் கொண்டு போறது. திங்கள்கிழமையில இருந்து ஊர் அடைப்பு

ஸ்டெல்லா: இன்னைக்கு மருந்து வாங்கப் போனேன். கடையில ரெண்டு பேரு அவன்கிட்ட வாங்காம அடுத்த ஆளு வரட்டும்னு நின்னாங்க. அவன் பேசாம மாத்திரைய எண்ணிட்டு இருந்தான். வீட்டுக்கு வந்து சவ்தாகிட்டச் சொன்னேன். ரெண்டு நாளா "அவங்க எல்லாரயும்"னு கத்திட்டு இருந்தவங்க கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கடைக்கு ஃபோன் போடச் சொல்லி, அவன்கிட்ட "உன் அம்மாகிட்ட இன்சுலின் எத்தன நாளைக்கு இருக்கு?"ன்னு மட்டும் கேட்டாங்க

ஜெசி: எத்தன நாளைக்கு இருக்காம்?

ஸ்டெல்லா: வெள்ளிக்கிழமை வரைக்கும்

சேவியர் (தோஹா): செஞ்சிலுவைக்காரங்க மாதிரி, ஆம்புலன்சுல குடுத்து விட முடியாதா

ஸ்டெல்லா: கேட்டிருக்கானாம். வாசல்ல நிக்க சிப்பாய் மனசு வைக்கணும்

அம்மா: எம்மாவு பக்கத்து ஊருதானே அது

லூர்து மாமா: ஆமாம் அக்கா. பக்கத்துப் பக்கத்து ஊர்.

அம்மா: இன்னைக்கு ஜெபமாலையில அந்த அம்மைக்கும் சேத்துச் சொல்லுதேன். பேரு என்ன மக்களே

ஸ்டெல்லா: பேரு கேக்கலம்மா. நாளைக்கு மாத்திரை டப்பா வாங்கப் போகும்போது கேட்டுச் சொல்லுதேன்